ராகு காலத்தில் விழுந்த கட்டைகள்

பெண் பார்க்கப் போகிறவன் சட்டைப் பையில் என்ன இருக்கலாம்? கைக்குட்டை. மிஞ்சிப்போனால் ஒரு சீப்பு. என் பையில் இருந்தது ஒரு பழைய கையடக்க கேம். மேலிருந்து கட்டைகள் விழ விழ, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். (முப்பது வயசுக் கழுதைக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார்.)

செரம்பான் இரவுச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. மங்கிய திரை, நிறம் கிடையாது. நிறுத்தும் பொத்தானும் செத்துவிட்டது. தொடங்கினால் தோற்கும்வரை ஆடித் தீர வேண்டும். கைப்பேசியில் வண்ண வண்ணமாய் எத்தனையோ விளையாட்டுகள் இருந்தும் என் கை இதைத்தான் தேடும். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

பாரோயில் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் தாய்மாமனும் நானும் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். வந்த வரன்களெல்லாம் கைநழுவிப் போயிருந்ததால் அம்மா இதைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பெண் ஷாமினியின் படத்தைப் பார்த்ததிலிருந்து நானும்தான். அன்று ஞாயிறு, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைப் பார்த்துத் தட்டு மாற்றிவிடுவதாக ஏற்பாடு.

ஷாமினியின் அப்பா தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் மீசையைப் பார்த்ததுமே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"தம்பிக்கு எங்க வேலை?"

பவ்யமாகக் கையைக் கட்டினேன். பையிலிருந்த கேமின் பொத்தான் அமுங்கியது. டுட்டுடு டூட்டு டூ!

"என்னாது அது?"

"கேம், மாமா." (அந்த 'மாமா' கொஞ்சம் சீக்கிரம்தான்.)

அம்மா என் தொடையைக் கிள்ளினார். மண்டோர் கையை நீட்டினார். தொலைந்தேன், வாசலில் வீசப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எப்படி லா இத ஆடுறது?"

காட்டினேன். உடனே தோற்றார். "இன்னொரு வாட்டி" என்றார். என் தாய்மாமன் நாற்காலியோடு நகர்ந்து அவர் பக்கம் போய்விட்டார். நானும் வெட்கமில்லாமல் பின்னால் நின்று, "இடது, இடது!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஷாமினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து பார்க்க ஒரு ஆளில்லை.

"இரும்மா, கட்டை விழுது!" என்றார் அப்பா.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ அப்பா, திருப்பிப் போடுங்க!"

அப்போதுதான் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "அலாமா! நாலரை ஆயிருச்சு!"

வெற்றிலை பாக்குத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "இது நல்ல சகுனமில்ல. கெளம்புங்க, போவலாம்" என்று கைப்பையை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளையாட்டுச் சாமானால் கல்யாணம் கெட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஷாமினி தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள். "ராகு காலத்துல கெளம்பவும் கூடாதே, அத்தை?"

அம்மா கைப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

ஆறு மணிவரை கல்யாணப் பேச்சு பேசக் கூடாது. வீட்டுக்கும் போகக் கூடாது. வேறென்ன செய்வது? ஆளுக்கொரு ஆட்டம் ஆடினோம். ஷாமினி என்னை மண்ணைக் கவ்வ வைத்தாள். "நீங்க ரொம்ப அவசரப்படுறீங்க லா" என்று சிரித்தாள். சாதாரணமாகப் பெண் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம் தரையைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். ஆறு மணிக்குத் தட்டு மாற்றக் கூப்பிட்டபோது, "இருங்க, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்" என்றது யார் தெரியுமா? எங்கள் அம்மா.

மாமனாரிடம் ஒருநாள் கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று. "கைப்பேசில ஆடுனா நடுவுல எவனாச்சும் கூப்புடுறான். இதுல ஒருத்தனும் கூப்புட மாட்டான்" என்றார். நான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இது நல்ல பதிலாகத்தான் பட்டது.

அன்று அவர் கைக்குப் போன கேம் இன்னும் என்னிடம் திரும்பவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வீடே சிரிக்க, ஒரே பதிலைத்தான் சொல்கிறார்:

"அதான் பொண்ணையே குடுத்துட்டேன்ல? இன்னும் என்ன சீர் கேக்குறீங்க மாப்ள?"