மூத்தாள் புறப்பட்டாள்

டிராயிங் மாஸ்டர் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே நான்கு வயர்கள். நான்கும் கறுப்பு. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக் கொடுத்தவருக்கு இப்படியொரு சோதனை.

மெக்கானிக் போன வாரமே தெளிவாகச் சொல்லியிருந்தார். "முன்னாடியிருந்து முதல் ரெண்டு வயர் சார். கழட்டி, இத அதுலயும் அத இதுலயும் சொருகிடுங்க. வண்டி இருமும், தும்மும், ஓடாது. வாங்க வர்றவங்க தெறிச்சு ஓடிடுவாங்க."

"அப்புறம் சரி பண்றது எப்படி?"

"அதே ரெண்டையும் இன்னொரு தடவ மாத்துங்க. பழையபடி ஓடும். இதுக்கெல்லாமா நான் வரணும்?"

மாஸ்டர் மாற்றிச் சொருகினார். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஆசைதான். ஆனால் அவர் வீட்டு ஜன்னல் நேர் மேலே இருந்தது. இந்த வண்டியின் சத்தத்தை மனைவி தூக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். பானெட்டைப் பூனைபோல மூடினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆள் வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவர் வாங்கிய முதல் கார் அது. தனக்கு முன்னால் வந்தவள் என்பதால் மனைவி அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்துவிட்டாள். "என்னங்க, மூத்தாளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? இளையாளுக்கு ஒரு பல்பு மாத்தணும், நேரம் இருக்குமா?" என்று அவள் மாடியிலிருந்து கேட்டால் கட்டடமே சிரிக்கும்.

வினை மகளின் போனில் வந்தது. அப்பாவுக்குப் புதுக் கார் வாங்கித் தருகிறாளாம். கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம்.

"பழச வித்துடுப்பா. உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இரும்புதானேம்மா. வித்துட்டாப் போச்சு" என்று மாஸ்டர் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, மனைவி குறுக்கே விழுந்து தடுப்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "ஆமா, தொலையட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து மாஸ்டர் உள்ளடி வேலையில் இறங்கினார். யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம்.

முதலில் விளம்பரத்துக்குப் போட்டோ. துரு, கீறல், கிழிந்த சீட் என்று தேடித் தேடி எடுத்துப் போட்டார். ஒரு நர்ஸ் உடனே கூப்பிட்டாள். "எல்லாரும் நல்ல பக்கத்த மட்டும் காட்டுறாங்க அங்கிள். உங்க போட்டோவப் பார்த்ததும் நம்பிக்கை வந்துடுச்சு."

அடுத்து, அவள் நேரில் பார்க்க வந்த அன்று குறைகளை அடுக்கினார். "ஒரு வைப்பர்தான் வேலை செய்யும்மா."

"நான் ஒருத்திதானே ஓட்டப்போறேன்."

"பின் கதவு உள்ளேருந்து திறக்காது."

"அக்கா பசங்கள ஏத்தினா அதுதான் நல்லது அங்கிள். வழியில குதிக்க மாட்டாங்க."

மனைவி தன் பங்குக்கு ஈவிரக்கமில்லாத ஒரு விலையைச் சொன்னாள். மாஸ்டருக்கே தூக்கிவாரிப் போட்டது. இரும்பு மனசுக்காரி, போகிற போக்கில் மூத்தாளைக் கறந்துவிடப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நர்ஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "சரி ஆன்ட்டி. இதுதான் என்னோட முதல் கார். பேரம் பேச மனசு வரல" என்றாள்.

மிச்சம் இருந்தது வயர்தான்.

வண்டியை எடுத்துப்போக நர்ஸ் வந்தாள். மனைவியும் கீழே இறங்கி வந்தாள். மாஸ்டர் கறை படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவியின் நகக்கண்களும் கறுத்திருப்பதைக் கவனித்தார்.

"கையில என்ன?"

"நேத்து சட்டி அடிப்பிடிச்சிடுச்சு. தேய்ச்சேன்" என்று அவளும் கையைப் பின்னால் கொண்டுபோனாள். "உங்க கை ஏன் பின்னாடி இருக்கு?"

"சும்மா. மரியாதைக்கு."

நர்ஸ் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்தாள். அந்த சீட் நகரும் என்பதே மாஸ்டருக்கு மறந்துபோயிருந்தது. சாவியைத் திருப்பினாள்.

எப்போதும் மூன்று திருப்பலாவது கேட்கிற வண்டி. முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. கல்யாணக் காலத்துச் சத்தம்.

"ஐயையோ!" என்றாள் மனைவி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாலை அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்பக்கூட இவளுக்கு நேரமில்லை என்று மாஸ்டருக்கு வெறுத்துப்போனது.

பக்கத்து சீட் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. எங்கே போனாலும் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மனைவி அங்கே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். வண்டி முழுக்கத் துடைக்கிற மாஸ்டர் அந்த இடத்தை மட்டும் துடைத்ததே இல்லை. நர்ஸ் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ எடுத்தாள். இரண்டு தேய்ப்பில் போய்விட்டது.

"பத்திரமாப் பார்த்துக்கிறேன் அங்கிள்."

"இரும்புதானேம்மா" என்றார். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. திரும்பும்போது இடது விளக்கு சிமிட்டியது. அவர் தட்டினால் மட்டும் எரிகிற விளக்கு. அவளுக்குத் தட்டாமலே எரிந்தது.

மேலே போனார். அடுப்பில் பால் இல்லை, பாத்திரமும் இல்லை. மனைவி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு ஆகும் வெங்காயம்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நல்லதாப் போச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மாஸ்டருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கும்போது கை தானாகச் சட்டைப்பையில் சாவியைத் தேடியது. நடந்தே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார்.

"என்னய்யா வயர் கத்துக்குடுத்தே? நீ சொன்ன மாதிரியே முதல் ரெண்டையும் இன்னைக்குக் காலைல மாத்தினேன். சாவியத் தொட்டதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. போச்சு, எல்லாம் போச்சு."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"அடக் கடவுளே, நீங்களுமா மாத்துனீங்க? ஒரு வாரமாத் தொடலையே, மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மா வந்து, 'மூத்தாளை அனுப்ப எனக்கு மனசில்ல, அவருக்குத் தெரிய வேணாம்'னு அழுதாங்க. நான்தான் கூட வந்து காட்டினேன், அதே ரெண்டு வயர அவங்க கையாலயே மாத்திட்டாங்களே சார்!"