நாற்பத்திரண்டாவது படிவம்

படிவங்கள் நாற்பத்தொன்றுதான் இருந்தன.

பானுப்பிரியா மறுபடி எண்ணினாள். பத்துப் பத்தாக அடுக்கினாள். நான்கு அடுக்கு, மேலே ஒன்று. பள்ளியின் வருகைத் தாளில் நாற்பத்திரண்டு என்று எழுதி ஆசிரியர் பால்ராஜ் கையெழுத்துப் போட்டிருந்தார். பெயர்கள் இல்லை. எண்ணிக்கை மட்டும்.

பிள்ளைகளின் பஸ் வேப்பம்பட்டுக்குக் கிளம்பி அரை மணி ஆகிவிட்டது. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த அந்த விண்மீன் கூடத்தில், நட்சத்திரக் காட்சி முடிந்து, இப்போது அவளும் கேன்டீன் சின்னசாமியும்தான்.

கூடத்துக்கு வரும் பள்ளிக் குழுக்களிடம், நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கருத்துப் படிவம் வாங்குவது அவள் வேலை. ஓர் ஆய்வு நிறுவனம் அவளை இரண்டு வருடமாக ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. ஒரு படிவம் குறைந்தாலும் குழு முழுவதும் தள்ளுபடி. போன மாதம் ஒன்று தள்ளுபடி ஆனது. இன்னொன்று ஆனால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் மணவாளன் சொல்லியிருந்தார். ஆகாவிட்டால் ஒன்றாம் தேதி முதல் நிரந்தரம்.

நாற்காலிகளுக்கு அடியில் தேடினாள். இரண்டு ரப்பர், ஒரு கொலுசுத் திருகு. படிவம் இல்லை.

"அண்ணே, பசங்க மொத்தம் எத்தன பேர் சாப்ட்டாங்க?"

சின்னசாமி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாப்பத்திரண்டு சமோசா வெச்சேன். நாப்பத்திரண்டும் காலி. இன்னா இப்போ?"

"ஒரு படிவம் கொறையுது."

"சமோசா கொறஞ்சா என்னாண்ட சொல்லு. பேப்பர் கொறஞ்சா நான் இன்னாம்மா பண்றது?"

"வாத்தியார் ஒரு சமோசா எடுத்திருப்பாரோ?"

"அவுருக்கு சுகரு. டீயே சக்கர இல்லாம வாங்கிக்கினு போனாரு."

ஆக, வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். யாரோ ஒரு பிள்ளை எழுதாமல் பஸ் ஏறிவிட்டது. அவள் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். பேனாவை இடது கைக்கு மாற்றினாள்.

இந்தத் தொழிலில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பூர்த்தி செய்வது என்பார்கள்.

பெயர்: ரூஹி. ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. அப்படி யாரையும் அவளுக்குத் தெரியாது.

மிகவும் பிடித்தது எது? இதற்குப் பத்தொன்பது பேர் சமோசா என்று எழுதியிருந்தார்கள். பதினொரு பேர் பஸ். ஒருவன் சனிக் கிரகம் என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ஏசி என்று எழுதியிருந்தான். அவளும் சமோசா என்று எழுதத்தான் நினைத்தாள். இடது கை மெதுவாக நகர்ந்தது. முடித்துவிட்டுப் பார்த்தபோது வேறு இருந்தது.

'விளக்கை அணைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். பயம் போய்விட்டது.'

பிடிக்காதது எது?

'விளக்குப் போட்டதும் அவர் இல்லை.'

காட்சி நடந்தபோது அவள் கூடத்துக்குள் போகவே இல்லை. வெளியே உட்கார்ந்து படிவங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தாள். வெற்றுப் படிவம் இன்னொன்று இல்லை.

மறுநாள் அம்பத்தூர் அலுவலகத்தில் மணவாளன் அவளைக் கூப்பிட்டார்.

"பானு, யாரும்மா இந்த ரூஹி?"

"ஏன் சார்?"

"ரெண்டு வருஷமா சமோசா, சமோசான்னு படிச்சே எனக்கு நெஞ்சு எரியுது. மொத தடவையா ஒரு கொழந்த மனசத் தொறந்து எழுதியிருக்கு. நிதி குடுக்கறவங்களுக்கு அனுப்பினேன். அந்தம்மா அழுதுட்டாங்களாம். நேர்ல போய் வீடியோ எடுக்கணும்."

பானு ஒரு வழி கண்டுபிடித்தாள். "அந்தப் பொண்ணு டி.சி. வாங்கிட்டுப் போயிடுச்சு சார்."

"நேத்து மத்தியானம்தானே எழுதிச்சு?"

"சாயங்காலம் வாங்கிடுச்சாம் சார்."

"அப்படியா? அப்போ இன்னும் முக்கியம். இவ்ளோ நல்ல பொண்ணு ஏன் ஸ்கூல விட்டுச்சுன்னு கண்டுபுடிக்கணும்." மணவாளன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பால்ராஜைக் கூப்பிட்டார். "சார், உங்க குழுவுல வந்த ரூஹி. ஏழாவது ஆ. டி.சி. வாங்கிட்டாளாமே?"

மறுமுனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது மட்டும் கேட்டது.

"ரூஹியா?" என்றார் பால்ராஜ். "இருக்கா சார். இங்கதான் இருக்கா."

மணவாளன் பானுவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ டி.சி.?"

"யாரும் வாங்கல சார். நாப்பத்திரண்டு பேரும் இருக்காங்க. எப்போ கேட்டாலும் நாப்பத்திரண்டுதான்."

மணவாளன் போனை வைத்தார். "யாரு உனக்கு டி.சி.ன்னு சொன்னது?"

"தப்பாக் கேட்டுட்டேன் சார்."

"நாளைக்குப் போறோம். நீயும் வர்ற."

கொரட்டூருக்குத் திரும்பும் ரயிலில் அவள் யோசித்தாள். ஒரு பள்ளியில் ரூஹி என்று ஒருத்தி இருக்கலாம். ஏழாவதில், ஆ பிரிவில்கூட இருக்கலாம். ஆனால் நாளை மணவாளன் படிவத்தைக் காட்டுவார். 'நான் எழுதலையே' என்று அந்தப் பெண் சொல்லிவிடுவாள். அதோடு முடிந்தது.

ஏரி தாண்டும்போதுதான் வேறு ஒன்று தோன்றியது. அதிகாரி பார்வையிட வரும் நாளில், பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி பெஞ்சை நிரப்பும் பள்ளிகள் இருக்கின்றன. அவளே நான்கைந்து பார்த்திருக்கிறாள். வந்தவர் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. பால்ராஜ் அந்தப் பழக்கத்தில்தான் 'இருக்கா' என்று சொல்லியிருக்கிறார்.

நிலையத்தில் இறங்கி அவருக்குப் போன் செய்தாள்.

"சார், நாளைக்கு ரூஹி விஷயமா வர்றோம்."

"தெரியும் மேடம்." அவர் குரல் மெலிந்திருந்தது. "உங்க சார் ரொம்பக் கேள்வி கேப்பாரோ?"

"கேப்பாரு. நீங்க கவலப்படாதீங்க சார்."

"நீங்களும் கவலப்படாதீங்க மேடம். பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம் சார்."

இருவருக்கும் நிம்மதி. யாரும் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும், போனில் எடுத்து வைத்திருந்த படிவத்தின் படத்தை அவருக்கு அனுப்பினாள். அவர் இரவல் வாங்கப்போகும் பெண் அதை மனப்பாடம் செய்ய வேண்டுமே. பால்ராஜ் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

மறுநாள் வேப்பம்பட்டில் இறங்கி, அவளும் மணவாளனும் பள்ளிக்கு நடந்தார்கள். ஆயா கமலம் நூலக அறையைத் திறந்துவிட்டாள்.

"உக்காருங்க. சார் கிளாஸ்ல கீறாரு, இதோ இட்டாறேன்."

கமலம் போன பிறகுதான் பானு பார்த்தாள். ஜன்னல் ஓர பெஞ்சின் நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீருடை, இரட்டைப் பின்னல். கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"நீதான் ரூஹியா?" என்றார் மணவாளன்.

பெண் தலையாட்டினாள்.

பானு மனதுக்குள் பால்ராஜைக் கும்பிட்டாள்.

அப்போது பால்ராஜ் வேகமாக உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "மன்னிக்கணும் சார். அந்தப் பொண்ணுக்கு நேத்திலேர்ந்து ஜொரம், அதனால இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர், பெஞ்சைப் பார்த்தார். பானுவைப் பார்த்தார். "இப்போ பரவால்ல போலிருக்கு" என்று முடித்தார்.

அவர் நடிப்பு கொஞ்சம் அதிகம் என்று பானுவுக்குப் பட்டது.

மணவாளன் போனை நிமிர்த்தி வைத்து வீடியோவைத் தட்டினார். "சொல்லும்மா. அங்க உனக்கு எது ரொம்பப் புடிச்சுது?"

"லைட்ட அணச்சாங்க. பக்கத்துல ஒருத்தங்க வந்து உக்காந்தாங்க. கையப் புடிச்சுக்கிட்டாங்க. பயம் போயிடுச்சு."

ஒரு வார்த்தை பிசகவில்லை. பானு மூச்சு விட்டாள்.

"யாரும்மா அது? ஃப்ரெண்டா?"

"இல்ல. இந்த அக்கா."

பெண் விரலை நீட்டவில்லை. பானுவைப் பார்த்தாள், அவ்வளவுதான். இது படிவத்தில் இல்லை.

"பானு, நீ உள்ள போனியா?"

"கொஞ்ச நேரம் சார்" என்றாள் பானு. வேறு என்ன சொல்வது?

"அக்காதான் என் பேர எழுதினாங்க" என்றாள் பெண். "லெஃப்ட் கையில."

பானு அனுப்பிய படத்தில் கோணல் எழுத்தைப் பார்த்து பால்ராஜ் ஊகித்திருப்பார். அதை எதற்குச் சொல்லிக் கொடுத்தார்? அவரை முறைத்தாள். அவர் அவளைப் பார்த்துப் பாராட்டுவதுபோல் தலையாட்டினார்.

மணவாளனுக்குக் கண் கலங்கியது. "எழுத முடியாத கொழந்தைக்குப் பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுத்திருக்க. அதுவும் கொழந்த எழுத்து மாதிரியே வரணும்னு லெஃப்ட் கையில! சொல்லவே இல்லையேம்மா?"

"கடமைதானே சார்."

"சமோசா சாப்ட்டியாம்மா?" பழக்க தோஷத்தில் அவர் கேட்டுவிட்டார்.

"சாப்ட்டேன். கடைசியா ஒண்ணு இருந்துச்சு."

"எது புடிக்கல?"

"லைட்டு போட்டதும் அக்கா இல்ல. எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க. சார் எண்ணினாரு. என்னை எண்ணல."

மணவாளன் திரும்பினார். "என்ன சார் இது? கொழந்தைய விட்டுட்டா போனீங்க?"

"எண்ணினேன் சார். ரெண்டு தடவ எண்ணினேன். சத்தியமா சரியா இருந்துச்சு."

"அப்புறம் எப்படிம்மா வந்த?"

"நடந்து" என்றாள் பெண்.

சென்னீர்குப்பத்திலிருந்து வேப்பம்பட்டு வரை யாரும் நடப்பதில்லை. மணவாளன் பால்ராஜைப் பார்த்த பார்வையில் பால்ராஜ் ஒரு சுற்று இளைத்தார். பானு அவசரமாகச் சிரித்தாள். "வெளையாட்டுப் பொண்ணு சார்."

மணி அடித்தது. பெண் எழுந்தாள். பானுவைக் கடந்து போகும்போது ஒரு நொடி அவள் கையைப் பிடித்து, பிறகு விட்டாள். தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் போனாள்.

மணவாளன் வீடியோவை ஓட்டிப் பார்த்தார். சத்தம் நன்றாக வந்திருந்தது. "ஒண்ணாந்தேதி உன் ஆர்டர் கைக்கு வந்துடும் பானு. நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். நிதி கொடுப்பவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனோடு வாசலுக்குப் போனார்.

அறையில் பானுவும் பால்ராஜும் மட்டும். பால்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"மேடம், ஒரு உண்மையச் சொல்லிடறேன். அன்னிக்கு நான் கூட்டிட்டு வந்தது நாப்பத்தொரு பேர்தான். நாப்பத்திரண்டுக்குக் கொறஞ்சா ஷோ போட மாட்டோம்னாங்க. பசங்க மொகத்தப் பாத்தேன். ஒண்ணு சேத்து எழுதிட்டேன். உங்க சார் போன்ல பேரு சொல்லிக் கேட்டாரா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பானு சிரித்தாள். மூன்று நாளில் முதல் முறையாக மனம்விட்டுச் சிரித்தாள். "நீங்க ஆள எழுதினீங்க, நான் படிவத்த எழுதினேன். விடுங்க சார். எப்படியோ பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்திட்டா."

"காப்பாத்திட்டா மேடம். என்னமாப் பேசினா!" பால்ராஜ் கும்பிட்டார். "எங்க ஸ்கூல் யூனிஃபார்ம்கூடப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, எந்த ஊர்லேர்ந்து மேடம் புடிச்சீங்க அந்தப் பொண்ண?"