நெடி வந்தால்தான் மருந்து

கரப்பான்பூச்சியைக் கண்டதும் நாற்காலி மேல் ஏறி நிற்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் பரம சாது, அவர்களால் யாருக்கும் கெடுதல் கிடையாது. செருப்பைத் தூக்கிக்கொண்டு துரத்துபவர்களையும் விட்டுவிடுவோம். அதில் பூச்சிக்கும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. நான் சொல்ல வந்தவர் மூன்றாவது ரகம். கரப்பானைக் கண்டால் இவர் முகத்தில் ஒரு களை வரும். எதிர்பார்த்த ஆள் வந்துவிட்ட மாதிரி எழுந்து நிற்பார், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொள்வார், "எல்லாரும் வெளியில போய் நில்லுங்க" என்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூக்கு நிபுணர்.

ஏன் மூக்கு என்கிறீர்களா? மருந்தின் வீரியத்தை இவர் அதை வைத்துத்தான் அளப்பார். கடையில் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்ப்பது, எவ்வளவு கலக்க வேண்டும் என்று விசாரிப்பது எல்லாம் இவருக்குக் கௌரவக் குறைச்சல். மூடியைத் திறந்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கண்ணில் நீர் வந்தால் நல்ல மருந்து. இருமல் வந்தால் உயர்ந்த மருந்து. கடைக்காரரே இரண்டடி தள்ளிப் போய் நின்றால், "ரெண்டு குடுங்க." ஒன்றுமே வராவிட்டால், "இது என்ன, கரப்பானுக்கு சென்ட் அடிக்கிறதுக்கா?"

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போட்டிருக்கிறதா? "கம்பெனிக்காரன் கோர்ட்டு கேஸுக்குப் பயந்து எழுதுறான்" என்று சொல்லி மூன்று மூடி ஊற்றுவார். பறப்பதற்கு ஒரு மருந்து, ஊர்வதற்கு ஒரு மருந்து என்று தனித்தனியாக விற்பது வியாபாரத் தந்திரம் என்று தானாகவே கண்டுபிடித்து, இரண்டையும் ஒன்றாகக் கலப்பார். மீந்ததைப் பழச்சாறு பாட்டிலில் ஊற்றி, யாரும் தொடக்கூடாதென்று பிரிட்ஜுக்கு மேலே வைப்பார். தொடக்கூடாது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அடிக்கும்போது கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொண்டு மூக்கை வெளியே விட்டுவிடுவார், மூக்குக்கு வேலை இருக்கிறதே. ஜன்னல்களை ஒன்றுவிடாமல் சாத்துவார், காசு கொடுத்து வாங்கிய நெடி வீணாகிவிடக் கூடாதே. மேஜையில் திறந்திருக்கும் சோற்றுப் பாத்திரத்தின் மேல் ஒரு செய்தித்தாளை விரிப்பார். அது பாதுகாப்பு நடவடிக்கை.

இந்த ரகத்தின் அசல் மாதிரி எங்கள் மாடியிலேயே எதிர்வீட்டில் இருக்கிறார். அவருக்கு என்ன தொழில் தெரியுமா? மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் அவர் கடைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள். அவர் ஒரு மருந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்ததாக மட்டும் சரித்திரமே இல்லை.

அவருடைய மகளுக்கு வேறு ஊரில் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கடையைப் போட்டுவிட்டுப் போக முடியாமல், பேத்தியை அவர் போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். அந்த மகள் முதல் முறையாகக் குழந்தையோடு வருவதாகத் தாயிடம் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு.

"அம்மா, போன தடவை பால் பாத்திரத்துக்குள்ள கரப்பான் ஓடுச்சு. குழந்தை வர்றதுக்குள்ள அதை ஒழிச்சிடுங்க. ஆனா அப்பாவை மருந்தடிக்க விடாதீங்க."

அந்த அம்மாள் வரிந்து கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டார், சுவர் வெடிப்பை அடைத்தார், குப்பைக் கூடைக்கு மூடி வாங்கினார். பிறகு கரப்பான் தின்னும் பசை மருந்து ஒரு ட்யூப் வாங்கி வந்து, கணவர் கடைக் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு, கூட வந்த தாளை மேலிருந்து கீழே வரை படித்தார். அலமாரிக் கீல் இடுக்கில், அடுப்புக்குப் பின்னால், சிங்குக்கு அடியில் என்று குழந்தைக் கை எட்டாத இடமாகப் பார்த்து அரிசி அளவு புள்ளி வைத்தார். நிபுணர் குனிந்து ஒரு புள்ளியை மோந்து பார்த்தார்.

"ஒரு வாசனையும் வரலியே."

"உங்களுக்கு எதுக்குங்க வரணும்? அதுங்களுக்கு வந்தா போதும்."

"இதைத் தின்னு எப்படிச் சாகும்?"

"மெதுவாச் சாகுமாம். இது பக்கத்துல ஸ்பிரே அடிச்சா கிட்டவே வராதாம். எழுதியிருக்கு. கை வைக்காதீங்க."

"எழுதினவன் நம்ம வீட்டுக் கரப்பானைப் பாத்திருக்கானா?"

ஆனாலும் சில நாள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். காலையில் மல்லாந்து கிடந்த கரப்பான்களை மனைவி பெருக்கி அள்ளியபோது, "வயசாகிச் செத்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மகள் வரும் நாள் வந்தது. மனைவி ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன மனிதர், அடுப்புக்குப் பின்னால் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், அந்தப் புள்ளியைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். நீங்களும் நானுமாக இருந்தால் நன்றாகத் தின்னு ராசா என்று விட்டுவிட்டு வந்திருப்போம். அவரால் முடியுமா? பேத்தி வரும் நேரத்தில் இவன் இங்கே உட்கார்ந்து சாப்பிடுவதாவது. ஒளித்து வைத்திருந்த டப்பா வெளியே வந்தது. சமையலறை முடிந்து, கூடம் முடிந்து, படுக்கையறைக்குப் போய், குழந்தைக்காக விரித்து வைத்திருந்த தொட்டிலுக்கும் அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அத்தனையும் அவர் அன்பினால்தான் செய்தார். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

மகள் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். நான் என் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கடைசிப் படிக்கு முன்னாலேயே அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, அடிச்சீங்களா?"

"பாப்பாவுக்காகத்தான்மா. உள்ள வா. இப்ப ஒண்ணுகூடக் கிடையாது."

"படி வரைக்கும் நெடி வருது."

"நெடியா?" அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே."

பார்த்தீர்களா? இந்த ரகத்தின் முற்றிய கட்டம் இதுதான். இழுத்து இழுத்து மூக்கு மரத்துப்போகும், மரத்துப்போனதால் மருந்தில் வீரியம் போதவில்லை என்று தோன்றும், தோன்றியதால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், ஊற்றியதால் இன்னும் கொஞ்சம் மரத்துப்போகும். தராசே கெட்டுவிட்டது. கடை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, துணியால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தார். டப்பாவோடு திரும்பி வந்து, படியில் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"உணவுப் பொருட்கள், பாத்திரங்கள், குழந்தைகள் படுக்கும் இடம் ஆகியவற்றில் தெளிக்கக் கூடாது." கண்ணாடிக்கு மேலாகக் கணவரைப் பார்த்தார். "தொட்டிலுக்கும் அடிச்சீங்களா?"

"தொட்டில் காலுக்குத்தான்."

"மெத்தைக்கு?"

அவர் குனிந்து, மடித்துவிட்டிருந்த கால்சட்டையை இறக்கிவிட ஆரம்பித்தார்.

ஆக, அன்று எங்கள் வீட்டுக்கு இரண்டு கோஷ்டி விருந்தாளிகள் வந்தார்கள். தாயும் குழந்தையும் வாசல் வழியாக வந்தார்கள். எதிர்வீட்டுக் கரப்பான்கள் சாக்கடைக் குழாய் வழியாக வந்தன. முதல் கோஷ்டிக்குத் தெரியாமல் இரண்டாவது கோஷ்டியைக் கவனிப்பதற்குள் என் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நிபுணர் குளித்துவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். மகள் உள்ளே இருந்தபடியே, "இன்னும் வருதுப்பா" என்றாள். போய் இன்னொரு தடவை குளித்துவிட்டு வந்தார். இந்த முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "சார், கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியல." என் வீட்டு வாசலில் நின்று ஒரு வளர்ந்த மனிதரின் உள்ளங்கையை மோந்து பார்த்தேன். இன்னும் இருந்தது. திரும்பிப் போனார்.

சாயங்காலம்தான் குழந்தை அவர் மடிக்கு வந்தது. இத்தனை மாதம் கண்ணாடித் திரையில் பார்த்த முகம். உச்சி முகர்வதற்காகக் குனிந்தார். பால் வாசனையும் தூக்கத்தின் கதகதப்பும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியும், எங்கள் கூடம் முழுக்க அன்று அதுதான் இருந்தது. அவர் ஒரு தரம் இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார். பிறகு தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார், மெதுவாக.

மனைவி எழுந்து வந்து குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். டப்பாவைத் தூக்கிப் போட்டீர்களா என்றுகூட அன்று கேட்கவில்லை.

இவ்வளவு நேரமும் உங்கள் மாமனாரையோ மேல்மாடிக்காரரையோ நினைத்துத்தானே சிரித்துக்கொண்டிருந்தீர்கள்? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு சிங்குக்கு அடியில் குனிந்து அந்த டப்பாவை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் கரப்பான் மல்லாந்து கிடக்கும் படம் உங்களுக்கு மனப்பாடம். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? சரி, அதை விடுங்கள். அடுத்த முறை வீட்டுக்கு வரும் விருந்தாளி வாசலிலேயே மூக்கைச் சுருக்கினால், உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வார்த்தை வருகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.