பதினோராவது மாதத்துப் பலூன்கள்

“என்னைப் பெர்மனென்ட் பண்ற ஆர்டர் எப்ப சார் குடுப்பீங்க?”

கேட்டுவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், இன்றைக்கு இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று மேனேஜரம்மா பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் சொல்லியிருந்தார். தீம் பார்க்கின் வாசலைத் தாண்டி இருபது அடி கூடப் போகவில்லை. முதலாளி அப்போதுதான் குடை நட்ட மேஜை ஒன்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் நின்ற மேனேஜரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கதவுக் கைப்பிடி செய்கிற கம்பெனி அது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் குடும்பத்தோடு இங்கே கூட்டி வருவார்கள். ஒருவரும் தொலைந்து போகாமலிருக்க எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட், நெஞ்சில் ஒரு கைப்பிடி படம். கைப்பிடிகளைப் பெட்டியில் அடுக்கி, டேக் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் அவள் பயிற்சியாளர். பதினொரு மாதமாகப் பயிற்சி. டேக் கட்டுவதில் பதினொரு மாதம் பயில என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முடிச்சு இரண்டாவது நாளே வந்துவிட்டது.

கம்பெனியில் அவளை “டிகிரி” என்றுதான் கூப்பிடுவார்கள். விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். பன்னிரண்டு மாதம் பயிற்சி முடித்தவரைக் கட்டாயம் நிரந்தரமாக்க வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. சேர்ந்த மறுநாளே இதைச் சாப்பாட்டு இடைவேளையில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்பாவுக்குத் துணி தேய்க்கிற தொழில். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய கையோடு, பக்கத்திலேயே இன்னொரு ஆணியையும் அடித்து வைத்துவிட்டார் அப்பா. வேலை ஆர்டருக்காம். அந்த ஆணியில் பதினொரு மாதமாக அவருடைய ஈரத் துண்டுதான் தொங்குகிறது. காலையில் கிளம்பும்போதுகூட அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆணியை ஒரு பார்வை பார்த்தார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

முதலாளி கோபப்படவில்லை. சிரித்தார்.

“கேக்கணும்மா. வாய் விட்டுக் கேக்கற பொண்ணத்தான் எனக்குப் பிடிக்கும். முதல்ல இதுங்க ரெண்டுக்கும் பலூன் வாங்கிக் குடுத்துட்டு வா. அப்புறம் நிதானமா பேசலாம்.”

இதுங்க ரெண்டும் என்றால் அவருடைய பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. கூப்பன் புத்தகத்தை அவளிடம் நீட்டிவிட்டு, முதலாளி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெயில் கண்ணில் அடிக்கிறதாம். அவர் முதுகு காட்டிய பக்கம் வெயிலே இல்லை. அந்தப் பக்கம் இருந்தது வாசலை ஒட்டின பலூன் கடை.

கடையில் முயல் காது வைத்த தொப்பியோடு ஒரு பெண் நின்றாள். இவள் வயதுதான் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்தாள், இவளுடைய மஞ்சள் டி-ஷர்ட்டைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்காதீங்க,” என்றாள். “வேற வேற மாதிரியும் வாங்காதீங்க.”

“அப்புறம் எப்படித்தான் வாங்கறது?”

“அது இன்னிக்கு வரைக்கும் எனக்கும் பிடிபடல.”

வியாபாரத்தில் ஊறின பேச்சு என்று நினைத்துக்கொண்டு, பெரியவளுக்கு ஒரு யானையும் சின்னவனுக்கு ஒரு மீனும் வாங்கினாள். சின்னவன் யானைதான் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்தான். பெரியவள் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றாள். சரி, தொலைகிறது என்று இன்னொரு யானை வாங்கினாள். சின்னவன் யானையை வாங்கிக்கொண்டான், மீனை விடவில்லை. அவனிடம் இரண்டு, தன்னிடம் ஒன்று என்ற கணக்கு பெரியவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இன்னொரு மீன். ஆக நான்கு பலூன். கடைக்காரி, கேட்பதற்கு முன்பே அந்த நாலாவது மீனை எடுத்து நீட்டியிருந்தாள்.

“வெடிச்சா தோலைக் கொண்டாங்க,” என்றாள். “புதுசு தருவோம். எத்தனை தடவை வேணாலும்.”

முதலில் சுற்றுகிற கோப்பை ராட்டினம். பலூனோடு ஏறக்கூடாது என்று ராட்டினக்காரர் கையைக் காட்டினார். நான்கையும் அவள் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அங்கேதான் தப்பு நடந்தது. சும்மா நிற்கிற ஒருத்தியை மேனேஜரம்மா பார்த்துவிட்டார். தன் மகனுடைய பலூனைக் கொண்டுவந்து, நீதான் எப்படியும் நிற்கிறாயே, இதையும் பிடி என்றார். அதைப் பாலிஷ் பிரிவுக்காரர் பார்த்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவருடைய மனைவியின் பின்னால் வார்ப்புப் பிரிவு மொத்தமும் வரிசையில் வந்தது. கால் மணி நேரத்தில் அவள் கையில் பத்தொன்பது பலூன். கொஞ்சம் பலமாகக் காற்று வீசினால் கம்பெனியை விட்டே போய்விடலாம் போலிருந்தது.

அதற்குள் ஒரு மனிதர் வந்து, அந்தச் சிவப்பு மீன் என்ன விலை என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றாள். அப்புறம் எதற்கம்மா இங்கே நின்று பிள்ளைகளை ஏங்க வைக்கிறாய் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பார்க் ஊழியர்களுக்கும் மஞ்சள் சட்டைதான் என்பதை அப்போதுதான் கவனித்தாள். அடுத்து வந்த அம்மாள் கழிப்பறைக்கு வழி கேட்டார். அதைச் சொன்னாள். அது மட்டும்தான் அன்றைக்கு அவள் செய்த உருப்படியான காரியம்.

எது யாருடைய பலூன்? அவள் படித்தவள். எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவள். கைப்பையில் எப்போதும் போல ஒரு கட்டு டேக் கிடந்தது: தடித்த அட்டை, கோத்த நூல், பெயர் எழுத ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு, அடியில் கொட்டை எழுத்தில் “ஒருமுறை அனுப்பிய பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது”. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டு எழுதி, பத்தொன்பது டேக்கையும் ஆறே நிமிடத்தில் கட்டி முடித்தாள். முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை. பதினொரு மாதப் பயிற்சி வீண் போகவில்லை.

இரும்புக் கைப்பிடிக்காகச் செய்த அட்டை அது. பலூன்கள் பத்தொன்பதும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி, முழங்கால் உயரத்தில் வந்து தலையைத் தொங்கப் போட்டன.

ராட்டினத்திலிருந்து இறங்கி வந்த சின்னவன் குனிந்து பார்த்தான். “என் யானை செத்துப்போச்சு,” என்றான்.

சாவுச் செய்தி மற்ற பிள்ளைகளுக்கும் பரவியது. அழுகையை நிறுத்த ஒரே வழி டேக்கைப் பிரிப்பது. ஆனால் அவள் போட்ட முடிச்சு அவளுக்கே பிரியவில்லை. இழுத்த இழுப்பில் சின்னவனுடைய யானை செடி வேலியில் உரசி டப்பென்று வெடித்தது. குடை மேஜையில் முதலாளி காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அவள் அசரவில்லை. தோலை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். கடைக்காரி தோலை வாங்கிக்கொண்டு புது யானை கொடுத்தாள், அதுவும் கேட்காமலே நீல நிறத்தில். நீலம் கிடைத்ததும் சின்னவன் சிரித்தான். சிரித்ததைப் பெரியவள் பார்த்தாள். வெடித்தால் புதுசு, அதுவும் பிடித்த நிறத்தில் என்ற விவரம் அவளுக்கு விளங்க எத்தனை நேரமாகும்? தன் யானையைத் தூக்கி வேலியில் ஒரு தேய் தேய்த்தாள். டப். அடுத்து மேனேஜரம்மா மகன். டப். பாலிஷ் பிரிவின் மூன்றும். டப், டப், டப். குடை மேஜைக்கு இரண்டாவது காப்பி வந்து, அதுவும் கொட்டியது.

பன்னிரண்டு தோல்களை வழித்துச் சேர்த்துக்கொண்டு அவள் மறுபடியும் கடைக்கு நடந்தாள். வழியில் ஐஸ்கிரீம் கடை. அங்கே ஒரு பெண், கொஞ்சம் மூத்தவள், இவள் நெஞ்சிலிருந்த கைப்பிடி படத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கோனில் இரண்டு உருண்டை வைத்து நீட்டினாள். கூப்பனை வாங்க மாட்டேன் என்றாள்.

“சாப்பிடுங்க. இன்னும் நேரம் இருக்கு உங்களுக்கு.”

இந்தப் பார்க்கில் எல்லாருமே ஒரு மாதிரிதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நக்கினாள்.

பலூன் கடைக்காரி தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். டேக் கட்டிய தோல்களைத் தடவிப் பார்த்து, முடிச்சு நன்றாக இருக்கிறது என்றாள். பார்த்தவுடனே முடிச்சைப் புகழ்கிறவர்கள் அபூர்வம். டிகிரிக்குப் பிரியம் வந்து, இங்கே எத்தனை நாளாக வேலை என்று கேட்டாள்.

“வர்ற வாரம் ஒரு வருஷம்.”

“பெர்மனென்டா?”

“சேர்ந்த அன்னிக்கே ஆர்டர் குடுத்துட்டாங்க.”

பலூன் விற்க ஆர்டர். அவளுக்கு வயிறு எரிந்தது. பதினொரு பலூனுக்குத்தான் அப்போது காற்று இருந்தது. பன்னிரண்டாவதைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொன்னாள் கடைக்காரி.

திரும்பி வந்தபோது முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்தது. பலூன்களைக் கையில் பிடித்தபடியே போனாள். சட்டையில் இரண்டு காப்பிக் கறையோடும் அவர் அதே சிரிப்புச் சிரித்தார். பெர்மனென்ட் என்றால் பொறுப்பு, பொறுப்பு என்றால் நிதானம் என்று ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளையும் நான்கு பலூனையும் மேய்க்கத் தெரியாதவளை நம்பி, சரக்கு அனுப்புகிற பிரிவையே எப்படி ஒப்படைப்பது என்று அவளையே கேட்டார். இன்னும் ஒரு வருடம் பயிற்சியில் இருந்தால் பக்குவம் வந்துவிடுமாம். மேனேஜரம்மாவைப் பார்த்தார். மேனேஜரம்மா கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பயிற்சி நீட்டிப்புக் கடிதம். டைப் அடித்து, முத்திரை வைத்து, அவளுடைய கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

தேதியைப் பார்த்தாள். நேற்றைய தேதி.

நேற்றைக்கு யானையும் வெடிக்கவில்லை, மீனும் வெடிக்கவில்லை.

“சார், நான் பலூனை ஒழுங்கா வாங்கியிருந்தா இந்தப் பேப்பரை என்ன பண்ணியிருப்பீங்க?”

முதலாளி மேனேஜரம்மாவைப் பார்த்தார். மேனேஜரம்மா ராட்டினத்தைப் பார்த்தார்.

“ரொம்பப் படிச்சா இதான் தொல்லை,” என்றார் முதலாளி. “கையெழுத்துப் போடும்மா. நல்ல நாளும் அதுவுமா.”

“போட்டாச்சு சார்.”

கைப்பையிலிருந்து ஒரு டேக்கை எடுத்தாள். பலூன் விற்கிறவளுக்கே முதல் நாளில் ஆர்டர் என்று கேட்டபின், கடையிலிருந்து வரும் வழியிலேயே, ஐஸ்கிரீம் உருகி வழிய வழிய, நின்று எழுதி வைத்தது அது. பெயர்க் கோட்டில் அவள் பெயர், தேதிக் கோட்டில் இன்றைய தேதி, கையெழுத்துக் கோட்டில் கையெழுத்து. நடுவில் இருந்த காலி இடத்தில் இரண்டே சொல்: வேலையை விட்டுவிட்டேன். அடியிலிருந்த கொட்டை எழுத்துக்கு மட்டும் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தாள். அனுப்பிய பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

பலூன்களின் நூல் கற்றையை முதலாளியின் மணிக்கட்டில் சுற்றி, டேக்கையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். அது பிரியாது.

“நிதானமா பேசலாம்னு சொன்னீங்க சார். நான் நிதானமாத்தான் இருக்கேன்.”

நடந்தாள். சின்னவன், கடையில் பாக்கியிருந்த பலூனுக்காக அவள் பின்னால் ஓடி வந்தான். அவனைப் பிடிக்க முதலாளி ஓடி வந்தார், தலைக்கு மேலே பெரிய பலூன் மேகத்தோடு. அவரை வழிமறித்து ஒருவர், அந்தச் சிவப்பு மீன் என்ன விலை என்றார்.

வாசலில் பலூன் கடைக்காரி பன்னிரண்டாவது பலூனைத் தயாராக வைத்திருந்தாள். ஒரு வெள்ளை யானை. வாங்கிக்கொண்டாள். பட்டத்துக்குப் பக்கத்து ஆணியில் அப்பாவின் துண்டைவிட இது பார்க்க லட்சணமாக இருக்கும். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதைப் பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம். பொய் மட்டும் சொல்லப் போவதில்லை.

மூச்சிரைக்க வந்து நின்ற முதலாளியைப் பார்த்துக் கடைக்காரி, “வாங்க சார், நல்லா இருக்கீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டாள். முதலாளி அண்ணாந்து தன் பலூன்களை எண்ண ஆரம்பித்தார்.

அவள் சுழல் கம்பியைத் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்தாள். பின்னால் சின்னவன், அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்பது தெளிவாகக் கேட்டது.

“போன வருஷம் நமக்கு பலூன் வாங்கித் தந்த அக்கா பலூன் கடைக்கு வந்துட்டாங்க. அதுக்கு முந்தின வருஷத்து அக்கா ஐஸ்கிரீம் கடைக்கு வந்துட்டாங்க. டிகிரி அக்கா எந்தக் கடைக்குப்பா வருவாங்க?”