மூன்றாவது மானிட்டர்

“மணப்பொண்ணு கடற்பாசியைச் சுத்திக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்காம்” என்று போனை வைத்தார் மேகம்.

அது அவர் பெயரல்ல, மனைவி வைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ மிதந்து போய்விடுவார். ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாணப் படங்களை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுப்பது அவர் தொழில். இந்த மணப்பெண் ஐம்பது வயது நர்ஸ். அவர் உடுத்தியிருந்தது, தங்கை எட்டு மாதம் ஊசி பிடித்துத் தைத்துக் கொடுத்த உடுப்பு. மழை விட்ட மாலையில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே அரை நிமிடம் வானத்தில் தெரியுமே, அந்த நிறம்.

“ஓனர் என்ன சொல்றார்?” என்றார் மனைவி.

“சனிக்கிழமைக்குள்ள நிறம் சரியா வரணுமாம். இல்லைன்னா இனிமே படமெல்லாம் வேற ஆளுக்குத்தானாம்.”

“உங்க கண்ணு சரியா இருக்கா?”

“கண்ணு கடவுள் குடுத்தது. மானிட்டர் நாம வாங்கினது. தப்பு எதுல இருக்கும்னு நீயே சொல்லு.”

பழைய மானிட்டரின் ஒரு மூலை ஏற்கெனவே ரோஜா நிறமாகியிருந்தது. ஆனால் அந்த வீட்டில் புது மானிட்டர் என்பது லேசுப்பட்ட காரியமா? கம்ப்யூட்டர் ஒன்று, ஆட்கள் மூன்று பேர். காலையில் மனைவி மருத்துவமனைக் கடிதங்களைத் தட்டச்சு செய்வார். மதியம் மேகம். மாலையில் மாமனார். முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றபின் கார்ப் பந்தய விளையாட்டில் தினம் பத்துக் காரை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எழுத்து பளிச்சுன்னு தெரியணும்” என்றார் மனைவி.

“வேகம் வேணும் மாப்பிள்ளை” என்றார் மாமனார். “நான் திருப்பினா, இது யோசிச்சு யோசிச்சுத் திரும்புது.”

கடையில் நாற்பது திரைகளில் நாற்பது முறை ஒரே கடல் அலையடித்தது. மேகம் அங்கேயே மிதக்கத் தொடங்கினார். விற்பனைப் பெண் மெல்ல இருமினாள்.

“வீட்டுல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம் சார். ரெண்டு நாள் கொண்டுபோங்க. நிதானமா பாருங்க.” உள்ளே போய் ஒரு பழுப்பு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் புகார்கள் வந்துவிட்டன. “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுங்க” என்றார் மனைவி. “இது மாட்டுவண்டி” என்றார் மாமனார். மேகத்துக்கோ, உடுப்பு இப்போது வெளிறிய சாம்பலாகத் தெரிந்தது.

புதன்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

“இது சரிப்படலம்மா. கொஞ்சம் துடிப்பா ஒண்ணு குடுங்க.”

“சார், அது வந்து...”

மேகம் அதற்குள் திரைகளிலிருந்த கடற்கரைக்குப் போயிருந்தார். அவள் பெட்டியோடு உள்ளே போனாள், பெட்டியோடு வெளியே வந்தாள். “நிதானமா பாருங்க சார்” என்றாள்.

அன்று மாலை மாமனாருக்குப் பிடித்துப்போயிற்று. “ஆகா! இதுதான் வண்டி!” ரோடு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நிறத்தையெல்லாம் கூட்டிவிட்டார். அது தெரியாத மேகம், கண்ணைக் கூசுகிறதே என்று உடுப்பின் நிறத்தைக் குறைத்து, ராத்திரியே படத்தை அனுப்பினார்.

காலையில் ஸ்டுடியோ ஓனர் கத்தியது பக்கத்து அறைவரை கேட்டது. “கடற்பாசி போச்சு, இப்போ துவைச்சுத் துவைச்சு நைஞ்ச துண்டு மாதிரி இருக்கு! நாளன்னைக்கு சனிக்கிழமை, தெரியும்ல?”

“அப்பா, எதையாவது திருகினீங்களா?” என்று மனைவி கேட்டார்.

“ரோட்டைத்தாம்மா திருகினேன்” என்றார் மாமனார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மேகம் மூன்றாம் முறை கடைக்குப் போனார். மூன்றாம் பெட்டி வந்தது. “நிதானமா பாருங்க சார்” என்றாள் அவள், இந்த முறை கெஞ்சுகிற குரலில்.

அவர் திரும்பி வருவதற்குள் மாமனார் மூச்சு வாங்க வாங்க மேசையை நகர்த்தியிருந்தார். ஜன்னல் வெயில் இத்தனை நாளாகத் திரையில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மருமகன் கேட்டதற்கு, “பெருக்கினேன், நகர்ந்துடுச்சு” என்றார்.

மாலையில் மாமனார் உட்காருமுன், கார் இழுக்காமல் ஓடட்டும் என்று மேகம் தான் திறந்துபோட்டிருந்த முப்பத்தேழு படங்களையும் மூடிவைத்தார். மனைவி காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, அவருக்காக எழுத்தை இரண்டு படி பெரிதாக்கி வைத்தார். வெளியே சொல்லவில்லை.

அன்று மாமனாரின் கார் ஒரு கீறலும் இல்லாமல் எல்லைக்கோட்டைத் தாண்டியது. “மாப்பிள்ளை, மூணாவது வண்டி தங்கம்!” வெள்ளிக்கிழமை காலையில் மனைவி எட்டுக் கடிதங்களை ஒரே மூச்சில் முடித்தார். “இது நல்ல மானிட்டருங்க. எழுத்து எவ்வளவு பெருசு!”

முடித்த கையோடு, ஸ்டுடியோவில் நம்பர் கேட்டு அந்த மணப்பெண் நர்ஸுக்குப் போன் போட்டார். “அக்கா, சிரமம் பார்க்காம அந்த உடுப்பை ஒரு தடவை எடுத்துட்டு வர முடியுமா? அவர் ராத்தூக்கத்துலகூட நீலமா பச்சையான்னு கேக்கிறார்.”

மதியம் நர்ஸ் வந்தார். உடுப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கை வலிக்க நின்றார். மேகம் துணியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். ஒருமுறைகூட மிதக்கவில்லை. அரைமணி நேரத்தில் மழை விட்ட வானம் திரைக்குள் வந்து இறங்கியது.

“என் தங்கச்சி அழப்போறா” என்றார் நர்ஸ். அவர் கண்ணிலேயே நீர் நின்றது.

ஓனரிடமிருந்து மாலையில் செய்தி வந்தது: ‘அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கல்யாணம் அனுப்புறேன்.’

அன்றிரவு மேகம் கண்மூடிப் பிரார்த்தித்தார். இறைவா, மூன்றாவதைக் காட்டிக்கொடுத்தாயே, நன்றி. முதல் இரண்டையும் செய்தவர்களை மன்னித்துவிடு.

சனிக்கிழமை காலை பெட்டியோடு கடைக்குப் போனார். “இதே மாதிரி புதுசா ஒண்ணு எடும்மா. முதல் ரெண்டையும் இனி யாருக்கும் குடுத்துடாத, பாவம்.”

விற்பனைப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மன்னிச்சிடுங்க சார்... வீட்டுக்குக் குடுத்தனுப்ப எங்ககிட்ட இருக்கிறதே ஒரு மானிட்டர்தான். மூணு தடவையும் துடைச்சு, நிறத்தைப் பழையபடி வச்சு, அதையேதான் குடுத்தேன்.”