எண்பத்தெட்டுப் புள்ளி வாங்கிய ஏழாம் எண்

பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள் தூங்குவது புதிதல்ல. மேடையில் பிள்ளை "அன்பார்ந்த நடுவர்களே" என்று தொடங்கும்போது கண் சொருகி, "நன்றி, வணக்கம்" என்றதும் கை தட்டுகிற திறமைசாலிகளை எனக்குத் தெரியும். நான் அவர்களை விட ஒரு படி மேலே போனவன். பேசாத ஒரு பிள்ளையின் பேச்சைத் தூக்கத்தில் கேட்டு, எண்பத்தெட்டுப் புள்ளி போட்டு, அதை எழுந்து நின்று சபையில் நியாயப்படுத்தியவன்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ராகலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழாசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாவட்டப் பேச்சுப் போட்டியில் என் மாணவன் நான்காம் இடம். நான் எழுதிக் கொடுத்த பேச்சு நான்காவதா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவர்கள் யார் என்று விசாரித்தேன். அதில் ஒருவர் ஹட்டன் நகரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு வருகிறார். ஆணியும் தகரமும் விற்பவருக்கு அணியும் சந்தமும் எப்படித் தெரியும் என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். (கேட்டதோடு உட்கார்ந்திருக்கலாம்.) நடுவர்களுக்கு ஒரு தகுதி வரையறை வேண்டும் என்றும் சொன்னேன்.

போட்டிப் பொறுப்பாளர் சிவகௌரி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் மலைக்குளிரோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்ப நீங்களே எழுதித் தாங்கோ தம்பி" என்றார்.

எழுதினேன். இருபத்தொரு நிபந்தனைகள். ஒன்று, நடுவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். நான்கு, ஐந்து வருட அனுபவம் வேண்டும். (எனக்கு இரண்டுதான். அதனால், 'வரையறைக் குழுவினருக்கு இது பொருந்தாது' என்று கீழே ஒரு குறிப்புச் சேர்த்தேன். குழுவில் நான் ஒருவனே.) ஆறு, நடுவர்களின் மேசைகளுக்கிடையே பத்தடி இடைவெளி வேண்டும், ஒருவரோடொருவர் பேசவோ சைகை காட்டவோ கூடாது. பதினான்கு, ஒவ்வொரு நடுவரும் தாம் அதிகப் புள்ளி கொடுத்தவரின் எண்ணைச் சபையில் எழுந்து அறிவித்துக் காரணம் சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனை முத்தையா அண்ணன் எப்படியாவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுதியது: நடுவர் ஒருவர் தகுதியற்றவர் என்று தெரிந்தால் அவரை நீக்கி, வேறொருவரை அமர்த்தி, போட்டியைத் தொடர வேண்டும். அதுவரை போட்டி முடிந்ததாகாது.

இந்தச் சல்லடையில் பழைய நடுவர்கள் எல்லாரும் விழுந்துபோனார்கள். புதிதாகத் தேடியதில் தேறியது இரண்டு பேர். மூன்றாவது ஆள் கிடைக்காமல் நானே போனேன். முத்தையா அண்ணன் கோபிக்கவில்லை. "அப்ப மணியாவது அடிக்கிறேங்க சார்" என்று நேரக் கணிப்பாளர் வேலையை வாங்கிக்கொண்டார்.

இப்போது ஒரு இரகசியம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து மலைப்பாதை வளைவுகளிலேயே வளர்ந்தவன் நான், ஆனால் பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பேன். போட்டியன்று காலை ராகலையில் பஸ் ஏறும்போது, தூக்கம் வரவைக்கும் வாந்தி மாத்திரை ஒன்று போட்டேன். நானுஓயா தாண்டியதும் வயிறு மெல்ல அசைந்தது. நடுவர் வாந்தி எடுத்தால் மரியாதையா என்று இன்னொன்றும் போட்டேன்.

ஹட்டனில் மண்டபம் நிறையப் பிள்ளைகள். பங்குபெறுவோரின் எண்களை முன்பே சீட்டுக் குலுக்கிப் பாடசாலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர், முதல் இருவருக்கு மாகாணப் போட்டி. ஆறு பேர் பேசும்வரை நான் நிமிர்ந்துதான் இருந்தேன். ஏழாம் எண்ணை அழைத்தபோது யாரும் வரவில்லை. பொகவந்தலாவைப் பிள்ளை, மழையில் பஸ் தாமதம் போலும் என்று சிவகௌரி டீச்சர் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார்.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் கவிழ்த்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து, முன்வரிசைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையை எடுத்துக்கொண்டது. பிறகு மேடையையும் எடுத்துக்கொண்டது. அப்போது ஏழாம் எண் வந்தாள்.

கையில் தாள் இல்லை. காலில் செருப்பும் இல்லை. மேடை இருந்த இடத்தில் தேயிலை நிரைகள் இருந்தன, அவள் அவற்றுக்கு நடுவே நின்று பேசவில்லை, பேர் கூப்பிட்டாள். விடிகாலைப் பெரட்டில் கங்காணி வேலைக்காரர் பேரைக் கூப்பிடுவாரே, அப்படி. ஒவ்வொரு பேருக்கும் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் "இருக்கேங்க" என்றது. ஊருக்கென்று இந்தியா போனவர்கள், மண்ணுக்குள் போனவர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள். என் அம்மாவின் பேரையும் கூப்பிட்டாள். அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு, "இருக்கேங்க" என்றாள். அம்மா போய் அப்போது மூன்று வருடம். இதை விட நல்ல பேச்சை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. பென்சிலை எடுத்தேன். எங்கோ மணி அடித்தது.

கண்ணைத் திறந்தபோது எட்டாம் எண் மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தான். என் தாளில் ஏழுக்கு நேரே, என் கையெழுத்தில், எண்பத்தெட்டு. (நூற்றில் பன்னிரண்டைக் கனவிலும் நேரம் மீறியதற்காக வெட்டியிருந்தேன். அத்தனை கண்டிப்பு.) பத்தடிக்கு அப்பால் இருந்த நடுவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்திருந்தாலும் ஆறாம் நிபந்தனைப்படி அவர்கள் என்னைத் தட்டி எழுப்ப முடியாது.

எட்டாமவனும் பேசி முடித்தான். மற்ற இரு நடுவர்களும் எழுந்து மூன்றாம் எண் என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது. நான் எழுந்தேன்.

"ஏழாம் எண். அந்தக் குரலைக் கேட்ட பிறகும் வேறொருவருக்கு முதலிடம் கொடுக்கிறவர்களின் இதயம் எதனால் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கைத்தாள் இல்லை, தடுமாற்றம் இல்லை. நான் கண்கலங்கினேன்."

மண்டபம் அசையவில்லை. பேச்சின் பாதிப்பு இன்னும் நீங்கவில்லை என்று நினைத்து, மேலும் இரண்டு நிமிடம் புகழ்ந்தேன். சிவகௌரி டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஏழாம் இலக்கம் வரேல்லை."

அப்போது வாசலில் ஓர் அசைவு. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு பிள்ளை, அவள் பக்கத்தில் அவள் அம்மா. அவர்கள் எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. பிள்ளை சொன்னாள்: "ஏழாம் நம்பர் நாந்தாங்க சார். நான் இன்னும் பேசலைங்க."

சிரிப்பு எந்தப் பக்கமிருந்து தொடங்கியது என்று நினைவில்லை. அது அடங்கியதும் டீச்சர் பிள்ளையிடம், "புள்ளி அறிவிக்கத் தொடங்கினாப் பிறகு ஒருத்தரையும் ஏத்தேலாது அம்மா" என்றார். அவருக்கும் மனசில்லை, குரலிலேயே தெரிந்தது.

"டீச்சரம்மா, விடியறதுக்கு முந்தி பஸ் ஏறுனோங்க" என்றாள் தாய். "நோர்வூட் பக்கம் மரம் விழுந்து கெடந்துச்சு, பாதி தூரம் நடந்தே வந்தோம். நான் இன்னைக்குப் பேர்கூட போடலைங்க. இவளுக்கு இது கடைசி வருஷம்." கொழுந்து பறிக்கும் வேலையையும் அன்றைய நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். என்னைக் காப்பாற்ற நினைத்தார் பாவம். "எட்டுக்குப் போட்டதைத்தான் ஏழு எண்டு வாசிச்சிட்டீங்களோ தம்பி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும், போட்டி முடியும், அந்தப் பிள்ளை வந்த வழியே நடக்கும். அவளுடைய வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் செம்மண்ணாக இருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இல்லைங்க டீச்சர். நான் தூங்கிட்டேன். கனவுல கேட்டேங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், கனவுல என்ன தலைப்புங்க?" என்றது. என் மாணவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் விடவில்லை. "இருபத்தோராவது நிபந்தனைப்படி நான் தகுதியில்லாதவன். என்னை நீக்கணும். அதுவரைக்கும் போட்டி முடியலைங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டு அந்த நிபந்தனையை இரண்டு முறை வாசித்தார். "புது நடுவர் எல்லாற்ற பேச்சையும் கேட்டிருக்க வேணுமே" என்றார்.

முத்தையா அண்ணன் மணியைக் கீழே வைத்துவிட்டு, சிமெந்துப் பட்டியல் தாள் ஒன்றை நீட்டினார். அதன் பின்பக்கத்தில் ஏழு பேருக்கும் புள்ளி போட்டிருந்தார். "பழக்கதோஷங்க" என்றார்.

"இவருக்குப் பட்டமில்லையே" என்றார் மற்றொரு நடுவர்.

"பட்டமில்லை. ஆனா நித்திரையும் கொள்ளேல்லை" என்றார் டீச்சர்.

முத்தையா அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மணியை எடுத்துக்கொண்டேன். சுகந்தினி என்ற அந்தப் பிள்ளை மேடையேறித் தலையைத் துவட்டிக்கொண்டு தொடங்கினாள்: "ஏற்கெனவே எண்பத்தெட்டுப் புள்ளிகள் பெற்றவள் என்ற முறையில், அவற்றைக் குறைத்துக்கொள்ளாமல் பேச முயல்கிறேன்." சபை அவள் கைக்குள் வந்துவிட்டது. இரண்டாம் இடம், மாகாணப் போட்டிக்குப் போனாள். (என் மாணவன் அந்த வருடமும் நான்காவது.) முத்தையா அண்ணன் அவளுக்கு எண்பத்தொன்று போட்டிருந்தார். "சார் போட்டதுல ஏழு கொறச்சிருக்கேங்க" என்றார் என்னிடம். "இங்க மழையில கொஞ்சம் கேக்கலை, கனவுல தகரச் சத்தம் இருந்திருக்காது."

சுகந்தினி இப்போது ஆசிரியை. தகுதி வரையறையில் நிபந்தனைகள் மூன்றாகக் குறைந்துவிட்டன, அவள் நடுவராகப் போகிறாள். முத்தையா அண்ணனும் போகிறார். எனக்கு நிரந்தரமாக மணி.

வீட்டில் நான் நாற்காலியில் அசந்தால் போதும், என் மகள் கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டி, "அப்பா, ஏழாம் நம்பருக்கு எத்தனை?" என்று கேட்பாள். நான் கண்ணைத் திறக்காமலே "எண்பத்தெட்டு" என்கிறேனாம். என் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு என் அம்மா "இருக்கேங்க" என்று சொன்னதை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.