களத்தில் காய்ந்த கார்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் வாழ்நாளில் நான் வெற்றிகரமாகக் கழற்றிய ஒரே பொருள் பேனா மூடி. அதையும் திரும்பச் சரியாக மாட்டியதில்லை என்பதற்கு என் சட்டைப் பைகளில் இருக்கும் நீலக் கறைகளே சாட்சி. இப்படிப்பட்டவன்தான், கொழுந்தியாள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமனாரின் காரில் கை வைத்தேன்.

எல்லாம் டிவியால் வந்த வினை. ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் எனக்கு வேலை. பனி இறங்கிவிட்டால் விருந்தாளிகள் அறையை விட்டு வரமாட்டார்கள். நானும் எதிர்ச்சுவர் டிவியும்தான். அதில் துருப்பிடித்த பழைய கார்களைப் புதுசாக்கும் நிகழ்ச்சி ஒன்று தமிழ்க் குரலில் ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவருக்குத் தாடி, இன்னொருவருக்குக் கோபம். நான் அதைப் பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிகழ்ச்சியின் துண்டுகள் போனில் வரும்போது அவற்றின் கீழே கருத்து எழுத ஆரம்பித்தேன். 'சேர்வராயன் மெக்கானிக்' என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். (ஓட்டலில் குழாய் சொட்டினாலே ஆள் கூப்பிடுகிறவன்.)

தாடிக்காரர் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் சின்னச் சின்னக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி வைப்பார். அதைப் பார்த்துவிட்டு, 'கை தெரிந்தவனுக்குக் கவர் எதற்கு? போல்ட்டைத் தொட்டாலே அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டாமா?' என்று எழுதினேன். அறுபத்து மூன்று பேர் விரல் தூக்கி ஆமோதித்தார்கள். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

கரடியூரில் மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அதே நிகழ்ச்சியைப் பார்ப்போம். அங்கே ஆளுக்கொரு கருத்து. "இவனுக வெளம்பரம் ஓடறப்பத்தான் வேலையே செய்யறானுக" என்பது மாமனாருடையது. "அந்தத் தாடிக்காரன் என்னைக்காவது ஒரு வாய் சோறு திங்கறதப் பாத்திருக்கீங்களா?" என்பது மாமியாருடையது. நான் மட்டும் நிபுணர் குரலில் விளக்குவேன். யாரும் மறுக்கமாட்டார்கள். மாப்பிள்ளை என்கிற மரியாதையை அறிவுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

மாமனாரிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு குண்டு கார் உண்டு. என்னைவிட மூத்தது. என் மனைவி சுமதி அதில்தான் மணப்பெண்ணாக மண்டபத்துக்கு வந்து இறங்கினாள். அவள் தங்கை பிரியா எட்டு வயதிலேயே, "எனக்கும் அப்பா வண்டிதான்" என்று முன்பதிவு செய்துவிட்டாள். தை மாதத்தில் அந்த நாளும் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னால் மாமனாரும் மாமியாரும் சாமான் வாங்கச் சேலம் கிளம்பினார்கள். போகும்போது முதல்முறையாகச் சாவியை என் கையில் கொடுத்தார் மாமனார். "அஞ்சு நிமிசம் ஓட உட்டு நிறுத்துங்க, மாப்ள. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஓட விட்டேன். இரண்டாவது நிமிடத்தில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. ஒரே தடவை. மலையில் தை மாதம் யார்தான் இருமவில்லை? ஆனால் சேர்வராயன் மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பான்? கார்புரேட்டரில் அழுக்கு என்று தீர்ப்புச் சொல்லி ஸ்பேனரை எடுத்தான்.

கழற்றியதைப் பரப்பி வைக்கச் சமதளம் வேண்டும். மலையில் சமதளம் என்றால் காப்பிக் களம் ஒன்றுதான். காய்ந்துகொண்டிருந்த காப்பிப் பழத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, நடுவில் சிமெண்டுத் தரையில் திருகு, போல்ட்டு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். டிவியில்கூட அவ்வளவு அழகாக அடுக்கியதில்லை.

பிரியா எட்டிப் பார்த்தாள். "கவர்ல போட்டு எழுதி வெக்கலீங்களா மாமா? அந்தத் தாடிக்காரர் அப்படித்தான செய்வாரு?"

"அது தெரியாதவன் செய்யற வேலை, கண்ணு."

"நாளன்னைக்கு எனக்கு வண்டி வேணுங்க."

"நாளைக்கே தர்றேன்."

போட்டோ எடுத்துக்கொண்டு காப்பி குடிக்க உள்ளே போனேன். (போட்டோவில் பாதிக்கு மேல் என் முகம். பின்னால் அது எதற்கும் உதவவில்லை.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் காப்பி காயும்போது தூறல் விழுந்தால், களம் யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள். வழியில் போகிறவர்கள் இறங்கி, பழத்தை வாரிக் குவித்து, தார்ப்பாயை மூடிவிட்டுத்தான் போவார்கள். அன்று தையில் வரக்கூடாத மழை வந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்து போன ஐந்து பெண்கள், பந்தல் போட வந்திருந்த இருவர், எல்லோரும் களத்தில் பாய்ந்தார்கள். நான் டம்ளரோடு வாசலுக்கு வந்தபோது தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல் வைத்தாகிவிட்டது.

"ஒரு பழம் நனையலீங்க" என்றார் ஒரு அக்கா, மூச்சு வாங்கியபடி. "நொம்ப ஆணி கெடந்துச்சு. அதையும் சேத்து வாரிட்டோம்."

சுமதி நேராகப் பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் இருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் பைக்கில் வந்து, திறந்து கிடந்த காரைப் பார்த்தார். "ஏனுங்க, இதக் கழட்டச் சொன்னது யாருங்க?"

"டிவியில இப்படித்தான்…"

"அப்ப டிவிக்காரனையே மாட்டச் சொல்லுங்க" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைக் கொடுத்து, "தேடுங்க" என்றார்.

மறுநாள் காலை கல்யாணத்துக்கு வந்த சொந்தமெல்லாம் களத்தில் வட்டமாக உட்கார்ந்து காப்பி பொறுக்கியது. நலங்குப் பாட்டுக்கு நடுவே, "இந்தா ஒரு நட்டு" என்று குரல் வரும். மத்தியானம் மாமனார் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"என்னங்க மாப்ள, காப்பியில கல்லு கெடக்குதா?"

"இல்லீங்க மாமா. கார் கெடக்குதுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்தார். பிரியா மருதாணிக் கையோடு ஜன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அப்போது தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. பெட்ரோல் போகும் துளை வைத்த ஒரு சின்னப் பித்தளைத் திருகு. காந்தத்தில் பித்தளை ஒட்டாது. அது இல்லாமல் இஞ்சின் ஓடாது. அவ்வளவு பழைய காருக்கு வேறு திருகும் உடனே கிடைக்காது.

வேறு கார் பிடிக்கலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இழுத்துட்டுப் போனாலும் அப்பா வண்டியிலதான் போவேன்."

மறுநாள் இழுத்துக்கொண்டுதான் போனோம். முன்னால் ஒரு பிக்கப், பின்னால் கயிற்றில் சாமந்தி மாலை போட்ட கார். ஸ்டியரிங்கில் மாமனார், பின்சீட்டில் மணப்பெண். எனக்குக் கொடுத்த உத்தியோகம், பிக்கப்பின் பின்பக்கம் வாழை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து கயிறு தொய்ந்தால் குரல் கொடுப்பது. ஆக, கரடியூரிலிருந்து ஏற்காடு வரை மாமனாரும் நானும் காரின் முன்கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வந்தோம். அதைவிட நீளமான சாலையில் நான் இன்றுவரை போனதில்லை.

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் மண்டபம் சேர்ந்தோம். இறங்கும்போது பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் சுற்றுலா வந்த யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் பறந்துவிட்டது. அதன் கீழே முதல் கருத்து: 'வாழை மரத்துக்கு நடுவில் அழுத முகத்தோடு இருப்பவர் எந்த ஊர்வலத்தைச் சேர்ந்தவர்?' தொண்ணூறு பேர் விரல் தூக்கியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வறுப்பதற்காகக் காப்பிக் கொட்டையைப் புடைத்தபோது மாமியாரின் முறத்தில் அந்தத் திருகு அகப்பட்டது. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அவ்வப்போது இருமும். யாரும் கண்டுகொள்வதில்லை. கரடியூரில் எனக்குக் காப்பி வரும்போது மட்டும் டம்ளர் பக்கத்தில் அந்த ஸ்பீக்கர் காந்தமும் வரும்.

போன வாரம் மனசு கேட்காமல் பழைய பெயரிலேயே அந்த நிகழ்ச்சிக்கு ஒரு கருத்து எழுதினேன். 'தாடிக்காரர் செய்வதே சரி. ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டு, பெயர் எழுதி, பத்திரமாக வையுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.' இந்த முறை ஒருவரும் விரல் தூக்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் வெண்ணெய் நிறக் காரின் படம். மாமனார் புதுப் போன் வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மழை வருதான்னு பாருங்க, மாப்ள."